ஜேசுரட்ணம் வைத்த பூப்பேர்

இந்த முறை தோற்பதில்லை என்று ஜேசுரட்ணம் முடிவு கட்டிவிட்டார்.

முடிவு கட்டிய இடம், ஜேர்மனியின் பான் நகரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி, குசினி மேசை. நாள், 2003ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து முதல் ஞாயிறு, பூசை கண்டு வந்த கையோடு. சாட்சிக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி. மனிசி பேர்பெச்சுவா அறைக்குள் படுத்திருந்தபடியால் முடிவு மிகவும் உறுதியாக இருந்தது. அவர் வாழ்க்கையில் எடுத்த உறுதியான முடிவுகள் எல்லாமே மனிசி இல்லாத அறையில் எடுத்தவைதான்.

விசயம் வேறொன்றுமில்லை. பேர்பெச்சுவாவுக்கு ஏழாம் மாதம். கிறிஸ்து பிறந்த நத்தாரை ஒட்டிப் பிள்ளை பிறக்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பொம்பிளைப் பிள்ளை என்றும் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளைக்குப் பேர் வைக்கிற முறை ஜேசுரட்ணத்தினுடையது.

அதென்ன முறை என்று கேட்பீர்கள். எட்டு வருசத்துக்கு முன் மூத்தவன் பிறந்தபோது பேர்பெச்சுவா அவனுக்கு லக்ஸன் என்று பேர் வைத்தாள். "அர்த்தம் என்னப்பா?" என்று கேட்டார் இவர். "வடிவா இருக்கெல்லோ, பேந்தென்ன அர்த்தம்?" என்றாள் அவள். சரியென்று விட்டுவிட்டார். பிறகு ஒருநாள் பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்கப் போனபோது மருந்துக் கடைக்காரி பேரைக் கேட்டாள், இவர் சொன்னார், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். ஜேர்மன் மொழியில் மலம் இளக்கிற மருந்துக்கு ஏறக்குறைய அதுதான் பேராம். அன்று வீட்டுக்கு வந்து குதித்தார் மனிசன். அவரைச் சமாதானப்படுத்த பேர்பெச்சுவா ஒரு வார்த்தை சொன்னாள். "அடுத்ததுக்கு நீங்கள் வையுங்கோ."

அந்த வார்த்தையைத்தான் எட்டு வருசமாக ஊறுகாய் போட்டு வைத்திருந்தார்.

பேர் விசயத்தில் ஜேசுரட்ணத்துக்குச் சொந்தமாகவும் ஒரு காயம் உண்டு. தொலைபேசியில் பேர் சொன்னால் ஜேர்மன்காரர் எழுத்துக்கூட்டச் சொல்லுவார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஆளின் பேரைச் சொல்லிக் கூட்டுவதுதான் இங்கத்தைய வழக்கம். யூலியஸ், எமில், சாமுவேல், உல்ரிஷ், ரிஷார்ட், அன்டோன், தியோடோர் என்று போய், அடுத்த எழுத்துக்கு ஆள் அகப்படாமல் வட துருவம், மறுபடியும் அன்டோன், கடைசியில் மார்த்தா. ஒன்பது மனிசரையும் ஒரு வட துருவத்தையும் வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினால்தான் ஒரு ஜேசுரட்ணம் தேறுவார். பதினாறு வருசம் இப்படி நிறுத்திப் பார்த்தும், பல் டொக்டரிடமிருந்து போன மாதம் வந்த கடிதத்தில் 'திரு யூலியஸ் எமில்' என்றுதான் இருந்தது.

ஆகவே தன் மகளுக்கு அந்தக் கரைச்சல் வேண்டாம் என்று நினைத்தார். ஜேர்மன்காரன் ஒரு தரம் கேட்டால் எழுதிக்கொண்டு போகிற பேராக இருக்க வேண்டும். அதே நேரம் பூவின் பேராகவும் இருக்க வேண்டும். பூப்பேர் என்றால் பேர்பெச்சுவாவால் வேண்டாம் என்று சொல்ல ஏலாது. அவளின் தாயின் பேரே புஷ்பமலர். ஒரு பேருக்குள் இரண்டு பூ வைத்த குடும்பம்.

பழைய புத்தகக் கடையில் பிள்ளைப் பேர்களின் பொருளும் வரலாறும் சொல்லுகிற தடித்த புத்தகம் ஒன்றை வாங்கினார். ஹோட்டல் குசினியில் வெங்காயம் வெட்டுகிற இடைவேளைகளில் படித்தார். சோதனைக்குக்கூட மனிசன் அப்படிப் படித்ததில்லை. வியோலா பூவின் பேர்தான், ஆனால் அது ஒரு வாத்தியமும் கூட. பள்ளிக்கூடத்தில் எவனாவது வாசிக்கக் கேட்பான் என்று தள்ளினார். யாஸ்மின், எங்கட மல்லிகைதான். ஆனால் லக்ஸனின் வகுப்பிலேயே மூன்று யாஸ்மின். ஹைட என்றொரு பேர், தரிசு நிலத்துப் பூச்செடியோடு சேர்ந்தது. ஆகா என்று துள்ளினார். அடுத்த வரியில், ஞானஸ்நானம் பெறாத அஞ்ஞானிக்கும் ஜேர்மனில் அதே சொல்தான் என்று போட்டிருந்தது. ஞானஸ்நானத் தொட்டிக்கு முன் சாமியார் பிள்ளையைத் தூக்கி 'அஞ்ஞானியே' என்று கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றுவதை நினைத்துப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

அப்போதுதான் எரிகா வந்தாள்.

மறுநாள் பின்னேரம் வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு பூச்சாடி. ஊதா நிறத்தில் பொடிப்பொடியாகப் பூத்திருந்த எரிகாச் செடி. படியேறும்போது கீழ்வீட்டுப் பெக்கர் அம்மா கதவைத் திறந்தார்.

பெக்கர் அம்மாவைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். வயது எழுபத்தெட்டு. புருசன் இல்லை, பிள்ளைகள் இல்லை, வேறு வேலையும் இல்லை. அந்தக் கட்டடத்தின் ஒழுங்கு முழுவதையும் தன் தோளில் சுமந்தார். படிக்கட்டுக் கூட்டுகிற முறை தவறினால், சப்பாத்தைக் கதவுக்கு வெளியே விட்டால், பிளாஸ்டிக் போத்தலைக் கடதாசித் தொட்டிக்குள் போட்டால், கதவில் குறை எழுதிய துண்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். பத்து வருசத்தில் ஜேசுரட்ணத்துக்கு வந்த துண்டுகளைச் சேர்த்திருந்தால் அதுவும் ஒரு தடித்த புத்தகம் ஆகியிருக்கும். அவரைக் கண்டால் ஜேசுரட்ணம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளுவார்.

பெக்கர் அம்மா பூச்சாடியைப் பார்த்தார். முகம் இளகியது.

"திரு ஜேசுரட்ணம், யார் காலமானார்?" என்று ஜேர்மனில் கேட்டார்.

"ஒருவரும் இல்லையே, அம்மா."

"அப்படியா? இந்தக் காலத்தில் எரிகாவைக் கல்லறைக்குத்தானே வாங்குவார்கள்."

மிச்சப் படிகளை ஜேசுரட்ணம் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறினார். ஆனாலும் முன்வைத்த காலைப் பின்வைக்கவில்லை. சாடியை மேசையில் வைத்து, தொண்டையைச் செருமினார்.

"இஞ்ச பாரும். பிள்ளைக்குப் பேர் முடிவாச்சு."

பேர்பெச்சுவா முருங்கைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "சொல்லுங்கோ."

"எரிகா!"

"ம்."

"இந்தா, இந்தப் பூ. லூனபேர்க் பக்கத்தில பெரிய வெளி இருக்கு. ஓகஸ்ட் வந்தால் கண்ணுக்கெட்டின தூரம் ஊதாப் பாய் விரிச்ச மாதிரி இதுதானாம் பூக்கும். ஆனா பேர் பூவில இருந்து வரேல்ல. வடக்கே எரிக் எண்டு ராசாமாருக்குப் பேர். எந்நாளும் ஆளுறவன் எண்டு அர்த்தம். அதின்ர பொம்பிளைப் பேர் எரிகா. பூவின்ர பேர் கிரேக்கத்தில இருந்து தனி வழியால வந்தது. இரண்டும் ஒரே மாதிரி இருக்கவே சனம் இரண்டையும் கலியாணம் கட்டி வச்சிட்டுது. இப்ப ஆரைக் கேட்டாலும் எரிகா எண்டால் பூப்பேர்தான்."

"அந்தப் பேரில அர்ச்சிஷ்டவர் ஆரும் இருக்கினமோ?"

இதற்கும் மனிசன் தயாராகத்தான் வந்திருந்தார். "ஓம்! சுவீடன் ராசா அர்ச்சிஷ்ட எரிக். பூசை முடிஞ்சு வெளியில வரேக்க வெட்டிப்போட்டாங்கள், பாவம். வேதசாட்சி!"

"ம்."

"இருபது முப்பதாம் ஆண்டுகளில இந்த நாட்டில எல்லாரும் விரும்பி வச்ச பேராம்."

பேர்பெச்சுவா இப்போதுதான் நிமிர்ந்தாள். "அப்ப எரிகாமாருக்கெல்லாம் இப்ப எழுபது எண்பது வயசு. நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில மூண்டு எரிகா இருக்கினம். ஒராளுக்கு நான்தான் பல்லுச் செட் கழுவிக் குடுக்கிறனான்."

"அதுக்கென்ன? எங்கட எரிகா புது எரிகா."

"நான் நடாலி எண்டு யோசிச்சனான்," என்றாள் பேர்பெச்சுவா. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரிச் சொன்னாள். "நத்தாருக்கு வாற பிள்ளை. நடாலி எண்டாலும் நத்தார்ப் பிள்ளை எண்டுதானாம் அர்த்தம். சாமியார் சொன்னவர்."

"தமிழ்ப் பள்ளிக்கூடத்தில ஒருக்கா நடாலி எண்டு கூப்பிட்டுப் பாரும். அஞ்சு பேர் ஓடி வருவினம். முடியாது. இது ஆற்ற முறை?"

"உங்கட முறைதான்."

"அப்ப?"

"அப்ப எரிகாதான். நான் வேண்டாம் எண்டனானே? ஒண்டே ஒண்டு. பேர் எரிகா எண்டாலும் பின்னால ஜேசுரட்ணம் எல்லோ வருது? வட துருவம் வரைக்கும் அவளும் நடந்துதானே போக வேணும்?"

இதை மனிசன் யோசிக்கவில்லை. ஆனாலும் யோசித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். பேர்பெச்சுவா எழும்பிப் போய், சாடியை யன்னல் ஓரத்தில் வைத்து, செடிக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் விட்டாள். சண்டை பிடிக்கவில்லை. அழவில்லை. பத்து வருசம் குடும்பம் நடத்திய எந்தப் புருசனுக்கும் அந்த இடத்தில் நெஞ்சு பக்கென்றிருக்க வேண்டும். இவர் கையைத் தேய்த்துக்கொண்டு இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு சின்னச் சிக்கல். பேர்ப் புத்தகத்தைத் தூசி தட்டிய பேர்பெச்சுவா எரிகாவின் பக்கத்தில் ஒரு அடையாளத் தாளைக் கண்டாள். தாளில் ஒரு வெள்ளைக்காரியின் படம்.

"இஞ்சருங்கோ, ஆர் இந்தப் பொம்பிளை?"

ஜேசுரட்ணத்தின் காது சிவந்தது. "அது அரசாங்கத்தின்ர ஆள்."

"அரசாங்கத்தின்ர ஆளுக்கு எங்கட வீட்டில என்ன வேலை? எரிகா முஸ்ரமான் எண்டு பேரும் போட்டிருக்கு!"

"மாதிரிக்குப் போட்ட படமப்பா! அடையாள அட்டை இப்பிடித்தான் இருக்கும் எண்டு காட்டுறதுக்கு. அப்பிடி ஓராள் உலகத்திலயே இல்லை."

"இல்லாத பொம்பிளையின்ர படத்தை ஒளிச்சு வச்சிருக்கிறீங்கள்?"

வேறு வழியில்லை. உண்மையைச் சொன்னார். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, அகதி முகாம் முகாமாக அலைந்தவரை அடுத்த வருசம் பானுக்கு அனுப்பினார்கள். அப்போது மொழி தெரியாது. எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தை நிரப்பு, டெர்மின் என்கிற முன்பதிவு இல்லை, நாளைக்கு வா. யன்னலுக்குப் பின்னால் இருந்த ஒருவரும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. சுவரில் மாதிரிப் படத்தில் இருந்த எரிகா மட்டும்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளின் தாளை ஒருவரும் திருப்பித் திருப்பிப் பார்க்கவில்லை. இது உன்னுடையதுதானா என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

"அரசாங்கமே தெரிஞ்செடுத்த பேர், பேர்பெச்சு," என்றார். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "என்ர பிள்ளையின்ர தாளையும் ஒருத்தரும் திருப்பிப் பார்க்கக் கூடாது எண்டு நினைச்சன். வேறொண்டுமில்லை."

பேர்பெச்சுவா தூசித் துணியைக் கீழே வைத்தாள். தாளை மடிப்புக் குலையாமல் பழைய பக்கத்திலேயே வைத்தாள். பிறகு மனிசனின் தலைமயிரை ஒருமுறை கோதிவிட்டு, "விசர் மனிசன்," என்றாள். அவ்வளவுதான். ஜேசுரட்ணம் வென்றுவிட்டதாக நினைத்தார். யாரென்றாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அடுத்த புதன்கிழமை வாசல் மணி அடித்தது. திறந்தால் பெக்கர் அம்மா. கையில் துண்டு இல்லை, அப்பிள் கேக் இருந்தது. கண் கலங்கியிருந்தது.

"திரு ஜேசுரட்ணம், இப்படி ஒரு மரியாதையை என் வாழ்நாளில் ஒருவரும் எனக்குச் செய்ததில்லை. நான் உங்களைத் தவறாக நினைத்துவிட்டேன்."

அவரின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். கேக்கைக் கொடுத்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஜேசுரட்ணம் கேக்கும் கையுமாக வாசலில் நின்றார்.

"பேர்பெச்சு! கிழவிக்கு என்ன நடந்தது?"

"ஏன், என்னவாம்?"

"நான் ஏதோ மரியாதை செய்தனானாம். நான் என்ன செய்தனான்?"

பேர்பெச்சுவா கேக்கை வாங்கி மேசையில் வைத்துக் கத்தியை எடுத்தாள். "கீழ பெல்லில அவவின்ர பேர் என்னெண்டு போட்டிருக்கு?"

"E. பெக்கர்."

"பத்து வருசமா அந்தப் பெல்லைப் பார்க்கிறீங்கள். அந்த E என்னெண்டு ஒருநாளாவது யோசிச்சனீங்களே?"

இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரரின் சொந்தப் பேர் ஒருவருக்கும் தெரியாது. திருமதி பெக்கர் என்றால் சாகிற வரைக்கும் திருமதி பெக்கர்தான். ஜேசுரட்ணம் யோசித்தார். E. வயது எழுபத்தெட்டு. இருபது முப்பதாம் ஆண்டுகளில் எல்லாரும் விரும்பி வைத்த பேர். புத்தகத்தின் வரி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"ஐயோ, மாதாவே! எரிகா!"

பேர்பெச்சுவா கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் தன்ர பேரைத்தான் பிள்ளைக்கு வைக்கிறன் எண்டு நினைச்சிட்டுது மனிசி!"

"கேக் நல்லாயிருக்கு. ஒரு துண்டு தின்னுங்கோ."

அன்றிலிருந்து பிடித்தது சனி. பெக்கர் அம்மா நாள் தவறாமல் பின்னேரம் நாலு மணிக்கு மேலே வந்தார். வந்தால் ஜேசுரட்ணத்தின் கதிரையில்தான் இருப்பார். பத்து வருசமாக மீன் வாசம் என்று துண்டு ஒட்டியவர், இப்போது சூடைமீன் குழம்பு கேட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு குசினிக் குப்பை வாளியைத் திறந்து பார்த்தார். "திரு ஜேசுரட்ணம், இது பிளாஸ்டிக், மஞ்சள் பைக்குள் போக வேண்டியது," என்று அன்பாகச் சொன்னார். முந்தி கதவு வரைக்கும்தான் வந்தது கட்டளை. இப்போது உள்ளே வந்து காலை நீட்டிக்கொண்டு இருந்தது. வேலை முடிந்து வரும் மனிசனுக்குத் தன் வீட்டிலேயே சப்பாத்தை எங்கே விடுவதென்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் பேர்பெச்சுவா குழந்தைச் சட்டைகளை மடித்தபடி சொன்னாள். "எனக்கு ஒரு யோசினைதான் அப்பா."

"என்ன?"

"மன்னாரில அண்ணன் தன்ர பிள்ளைக்கு அம்மாவின்ர பேரை வச்சவர் தெரியும்தானே, புஷ்பமலர் எண்டு. அண்ணி பட்ட பாடு! 'புஷ்பமலர், மூக்கைச் சீறு' எண்டால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிடுவா. 'புஷ்பமலர், தின்னது காணும்' எண்டதுக்கு அம்மா இரண்டு நாள் சாப்பிடேல்ல. பிள்ளை ஒரு அடி, ஒரு பேச்சு இல்லாமல் வளர்ந்து இப்ப ஆருக்கும் அடங்குறேல்ல."

"எங்கட அம்மா இஞ்ச இல்லையே."

"பெக்கர் அம்மா கீழ இருக்கிறா. இந்தச் சுவரெல்லாம் கடதாசி. நீங்கள் தும்மினால் அவ கீழ இருந்து 'சுகமாகட்டும்' எண்டுறா. நாளைக்குப் பிள்ளை குழப்படி செய்தால் என்னெண்டு கத்துவீங்கள்?"

"கத்துறதுக்கென்ன பயம்?"

"அப்ப ஒருக்காக் கத்திப் பாருங்கோவன்."

ஆம்பிளைக்கு ஒரு ரோசம் இருக்குமல்லவா? ஜேசுரட்ணம் எழும்பி, நெஞ்சை நிமிர்த்தி, இடுப்பில் கை வைத்து, "எரிகா! வாயை மூடு! ஒரு சத்தம் வரக்கூடாது!" என்று குளறினார். தமிழில் பாதி, ஜேர்மனில் பாதி.

டொக். டொக். டொக்.

கீழிருந்து தும்புத்தடியால் முகட்டில் இடிக்கிற சத்தம். ஜேசுரட்ணம் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். ஞாயிறு மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை என்கிற ஓய்வு நேரத்தில் யார் சத்தம் போட்டாலும் அந்தத் தும்புத்தடி இடிக்கும் என்பதும், பத்து வருசமாக அது இடித்துக்கொண்டுதான் இருக்கிறது என்பதும் அந்த நேரம் மூளைக்கு எட்டவில்லை.

"கேட்டுப்போட்டுது," என்று கிசுகிசுத்தார்.

"ஓம்போல," என்றாள் பேர்பெச்சுவா.

மகளுக்கு வரப்போகிற பதினெட்டு வருசமும் அவர் கண்ணுக்கு முன்னால் ஓடியது. எரிகா படி. எரிகா கதவைச் சாத்து. எரிகா எங்க போட்டு வாறாய். ஒவ்வொன்றுக்கும் கீழிருந்து டொக், டொக், டொக். அல்லது அதைவிடக் கொடுமை, அழுதுகொண்டு இன்னொரு கேக்.

பேர்ப் புத்தகத்தை எடுத்து N எழுத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"பேர்பெச்சு."

"என்னப்பா?"

"நடாலி எண்டால் என்ன அர்த்தம் எண்டனீர்?"

"நத்தார்ப் பிள்ளை."

"புத்தகத்திலயும் பார்த்தனான். நல்ல அர்த்தம்தான்."

"ஆனா இது உங்கட முறை எல்லோ?"

"என்ர முறையை உமக்குத் தாறன்."

"ஐயோ, எனக்கு வேண்டாம். பேந்து எட்டு வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவீங்கள்."

"மாட்டன்."

"மாதா அறிய?"

"மாதா அறிய மாட்டன். ஆனா ஒண்டு." தோற்றாலும் மனிசன் வெறுங்கையோடு வரத் தயாராக இல்லை. "நடுவில எண்டாலும் எரிகா இருக்க வேணும். நடாலி எரிகா. தாளில மட்டும். கூப்பிடுறதில்லை, அதால ஏசவும் தேவையில்லை. இதில மட்டும் நான் விட்டுத்தர மாட்டன்."

பேர்பெச்சுவா சட்டையைக் கீழே வைத்தாள். நாடியில் கையை வைத்தாள். யன்னல் ஓரத்து எரிகாச் செடியைப் பார்த்தாள். பெரிய கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கிற மாதிரி யோசித்தாள்.

"சரி," என்றாள் கடைசியில். "உங்களுக்காக."

"பெக்கர் அம்மாவுக்கு என்ன சொல்லுறது?"

"அதை நான் பார்த்துக்கொள்ளுறன்."

அன்றிரவு ஜேசுரட்ணம் நிம்மதியாக நித்திரை கொண்டார். பேரில் பாதி போனாலும் பாதி நின்றது. பேரம் பேசி வாங்கிய பாதி. அதுவும் பேர்பெச்சுவாவிடம்.

டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி பிள்ளை பிறந்தது. கறுத்த தலைமயிரும் கோபக்கார மூக்குமாக இருந்தாள். ஆசுப்பத்திரியில் கொடுத்த படிவத்தை ஜேசுரட்ணம் தன் கையாலேயே நிரப்பினார். நடாலி எரிகா ஜேசுரட்ணம். எரிகாவை எழுதும்போது எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டார். கந்தோர்க்காரி வாங்கினாள், முத்திரை குத்தினாள். தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஜேசுரட்ணத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சளித் தடிமன் என்று சொல்லிச் சமாளித்தார்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று பெக்கர் அம்மா மேலே வந்தார். நல்ல சட்டை, முத்துமாலை, கையில் பெரிய பொதி. பொதியின் மேல் ஒரு வாழ்த்து மட்டை. ஜேசுரட்ணம் வாங்கி வாசித்தார். 'அன்பு நடாலிக்கு, உன் ஓமா எல்ஃப்ரீட பெக்கர்.'

திரும்ப வாசித்தார். ஓமா என்றால் இந்த ஊர்ப் பாட்டி, அது விளங்கியது. மற்றது விளங்கவில்லை.

"அம்மா, உங்கள் பேர் எரிகா இல்லையா?"

"எரிகாவா?" பெக்கர் அம்மா சிரித்தார். "எல்ஃப்ரீட. எழுபத்தெட்டு வருடமாக எல்ஃப்ரீடதான்."

"அப்படியானால் அன்றைக்கு, அந்தக் கேக், ஏதோ மரியாதை என்று..."

"குழந்தைக்கு நான் ஓமாவாக இருக்க வேண்டும் என்று உங்கள் மனைவி கேட்டாரே. அது உங்கள் விருப்பமும்தான் என்றார். எனக்கு யார் இருக்கிறார்கள், திரு ஜேசுரட்ணம்? அழாமல் என்ன செய்வேன்?"

சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். நடாலி அவரின் முத்துமாலையைப் பிடித்து இழுத்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு ஜேசுரட்ணத்தால் கோபிக்கவும் ஏலவில்லை. மெல்லத் திரும்பி மனிசியைப் பார்த்தார். அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீர் எனக்கு எரிகா எண்டெல்லோ சொன்னனீர்?" என்றார் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் எப்ப சொன்னனான்? E என்னெண்டு கேட்டனான். எரிகா எண்டு குளறினது நீங்கள்."

ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. நடுப்பேர். அதை அவர் பேரம் பேசித்தான் வாங்கினார். அதை யாராலும் பறிக்க ஏலாது. அந்த நினைப்போடு பொதியைப் பிரித்தார். உள்ளே வெள்ளைக் கம்பளி விரிப்பு, கையால் பின்னியது. நடுவில் சிவப்பு நூலில் பெரிதாக நடாலி. அதற்குக் கீழே, சின்னச் சின்ன ஊதாப் பூக்களுக்கு நடுவில், எரிகா.

"மிகவும் அழகாக இருக்கிறது," என்றார் ஜேசுரட்ணம். "பின்ன நிறைய நாள் எடுத்திருக்குமே?"

"விரல் வாதம் அல்லவா, மெதுவாகத்தான் பின்ன முடிந்தது," என்றார் பெக்கர் அம்மா. "ஓகஸ்டில் உங்கள் மனைவி ஒரு விரிப்புப் பின்னச் சொல்லிப் பேரை எழுதித் தந்த அன்றே தொடங்கிவிட்டேன்."

ஓகஸ்ட். ஜேசுரட்ணம் விரலை மடித்துப் பார்த்தார். அவர் புத்தகம் வாங்கியது ஒக்டோபரில். பூச்சாடி வாங்கியது ஒக்டோபரில். எரிகா என்ற எண்ணம் தன் தலைக்குள் வந்ததும் ஒக்டோபரில்தான்.

"பேர்பெச்சு," என்றார், மிகவும் அமைதியாக. "ஓகஸ்டில உமக்கு எரிகா எப்பிடித் தெரியும்?"

"யூலையில பாஸ்போட் எடுக்கப் போனனாங்கள் எல்லோ? சுவரில அந்த எரிகா முஸ்ரமான் படத்துக்கு முன்னால நிண்டு சிரிச்சனீங்கள். ஒரு தாளையும் எடுத்துச் சட்டைப் பைக்குள்ள வச்சனீங்கள். நான் பின்னால கதிரையில இருந்தனான்."

"அப்ப ஒக்டோபரில நான் இருந்து யோசிச்சதெல்லாம்?"

"அது நான் யூலையில யோசிச்சு முடிச்சது, அப்பா. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."